தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற பகுதியில், "ஆறு இல்லையென்றால் நாகரிகமே இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டீர்கள். வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்த வரியைப் பற்றியே இருப்பதால் இந்த முறை முழுக்க ஆறு, வாய்க்கால், சேறு. வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஆற்றங்கரையில்தான் மனிதன் முதன்முதலில் பயிர் செய்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நீங்களும் அதையே சொல்கிறீர்கள். அது சரிதானா?

ப: சரியில்லை. எழுதும்போதே எனக்கு உறுத்தியது, ஆனாலும் எழுதிவிட்டேன். மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும் முதலில் பயிரானது மலையடிவாரங்களில், மழையை நம்பி. கி.மு. 9000-க்கு முன்பின்னாக அது தொடங்கிவிட்டது. எரிகோ மாதிரி சில இடங்களில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது, அதைச் சுற்றி ஊர் உட்கார்ந்தது. ஆனால் டைகிரிஸ், யூப்ரடீஸ் பாயும் மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) தெற்குச் சமவெளியில், அதாவது உருக், 'ஊர்', லகாஷ் என்று பெரிய நகரங்களெல்லாம் பின்னால் எழுந்த அதே இடத்தில், உழவர்கள் குடியிருந்த தடயம் கி.மு. 6000-ஐ ஒட்டித்தான் கிடைக்கிறது. நடுவில் ஏறக்குறைய மூவாயிரம் வருஷம் போயிருக்கிறது.

ஏன் அவ்வளவு தாமதம் என்றால், மழையை மட்டும் நம்பிப் பார்லி விளைய வருஷத்துக்குக் குறைந்தது 200 மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும். தெற்கு ஈராக்கில் அவ்வளவு பெய்வதில்லை. ஆறு இருக்கிறதே என்றால், அது சதுப்பும் வெள்ளமுமாகக் கிடந்த ஆறு, ஒரு வருஷம் ஓடிய தடத்தில் அடுத்த வருஷம் ஓடும் என்று நம்ப முடியாத ஆறு. அதில் போய் யார் விதைப்பார்கள்? அதனால் பாசனம் என்ற வித்தையைச் சின்ன ஓடைகளில்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஈராக்கின் கிழக்கு ஓரத்தில், மலையும் சமவெளியும் சந்திக்கிற இடத்தில் சோகா மாமி என்று ஒரு மேடு இருக்கிறது. அங்கே கி.மு. 6000-ஐ ஒட்டிய வாய்க்கால்கள் அகழாய்வில் கிடைத்தன. பெரிய வாய்க்கால் ஒன்றும் இல்லை. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் திறக்கும், இரண்டு கூடை சேறு போட்டால் மூடும், அந்த அளவு. ஓடையில் பழகிய கைதான் பிறகு ஆற்றில் இறங்கியது.

கே: நைலும் ஆறுதான், யூப்ரடீஸும் ஆறுதான். எகிப்தில் மட்டும் நாடு முழுக்க ஒரே அரசன், இந்தப் பக்கம் ஊருக்கு ஒரு அரசன், ஓயாத சண்டை. ஆறுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

ப: நல்ல கேள்வி. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று பாருங்கள், பாதி விஷயம் விளங்கிவிடும்.

நைலில் வெள்ளம் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடைப் பருவமழையால் வருவது. ஜூலையில் ஏறும், செப்டம்பர் வாக்கில் உச்சம், அக்டோபரில் வடிய ஆரம்பிக்கும். கோதுமையும் பார்லியும் குளிர்காலப் பயிர். நிலம் நனைந்து, வண்டல் படிந்து, தண்ணீர் வடிந்து, விதைக்கலாம் என்கிற பதத்துக்கு வரும்போது சரியாக விதைப்புக் காலம் வந்துவிடும். மார்ச், ஏப்ரலில் அறுவடை, அப்புறம் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும், மறுபடி வெள்ளம். உழவன் செய்ய வேண்டியது என்ன? வயல்வெளியைச் சுற்றி மண்கரை போட்டுப் பெரிய பெரிய பாத்திகளாக்குவது, வெள்ளத்தை உள்ளே விட்டு 40 நாள், 60 நாள் நிறுத்தி வைப்பது, பிறகு கரையை வெட்டி அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ வடிப்பது. இதற்கு ராஜா வேண்டியதில்லை. ஊர் ஆட்கள் போதும்.

யூப்ரடீஸ் கதை நேர்மாறு. அதன் வெள்ளம் அனத்தோலிய (இன்றைய துருக்கி) மலைகளின் பனி உருகி வருவது. ஏப்ரல், மே மாதங்களில் வரும். அப்போது வயலில் பார்லி முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும். விதைக்க வேண்டிய அக்டோபரிலோ ஆற்றில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கும். அதாவது வேண்டும்போது வராது, வேண்டாதபோது கதவை உடைத்துக்கொண்டு வரும். ஆகவே தண்ணீரைக் கொண்டுவர வாய்க்கால், வராமல் தடுக்கக் கரை, இரண்டும் வேண்டும், இரண்டையும் வருஷா வருஷம் பழுது பார்க்க வேண்டும். இன்னொன்று: வண்டலைக் கரையோரமாகப் போட்டுப் போட்டு அந்த ஆறு சுற்றியுள்ள நிலத்தைவிட உயரத்தில் ஓடுகிறது. கரையில் ஒரு வாய் வெட்டினால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும், அது வசதி. அதே வாய் பெரிதானால் ஆறே அந்த வழியாக இறங்கிவிடும். அப்படி இறங்கி, திசை மாறிப் போய்விட்டதால்தான் ஒரு காலத்தில் படகுத் துறையாக இருந்த 'ஊர்' என்ற நகரம் இன்று பாலைவனத்தில் நிற்கிறது.

எகிப்தில் ஒரே ஆறு, ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் பாலை. நீரோட்டம் வடக்கே இழுக்கும், காற்று தெற்கே தள்ளும், படகு இரண்டு பக்கமும் போகும். ஒரு ஆளின் கைக்குள் வருவதற்கு ஏற்ற நாடு. கி.மு. 3100-ஐ ஒட்டி வந்தும்விட்டது. மெசபடோமியாவில் ஆறு கை கையாகப் பிரிந்து ஓடியது, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நகரம், ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தெய்வம், ஒரு களஞ்சியம். ஆறு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றை விட்டுவிட்டு இந்த வித்தியாசத்தை விளக்கவும் முடியாது.

கே: நைல் வெள்ளத்தை அளந்து வரி போட்டார்களாமே, நிஜமா?

ப: நிஜம். வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று முழம், சாண், விரல்கடை கணக்கில் வருஷவாரியாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பலெர்மோ கல் என்று இன்று அழைக்கப்படும் துண்டில் முதல் அரச வம்சங்களின் கணக்கே இருக்கிறது. எலிஃபண்டைன் தீவில் ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டில் அளவுக் கோடுகள் போட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். ரோமானியர் காலத்தில் பிளினி என்ற எழுத்தாளர் எழுதி வைத்த கணக்கு இன்னும் சுவையானது: 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றால் அரைப்பட்டினி, 14 என்றால் முகத்தில் சிரிப்பு, 15 என்றால் கவலை இல்லை, 16 என்றால் கொண்டாட்டம். வெள்ளம் ஏறும்போதே களத்துக்கு எவ்வளவு தானியம் வரும் என்று அதிகாரி கணக்குப் போட்டுவிடலாம். விதை மண்ணில் விழும் முன்பே வரி தயார்.

கே: தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தைக் கண்டுபிடித்தது யார்?

ப: பெயர் தெரியாத ஒரு புண்ணியவான். படமாகக் கிடைப்பதில் மிகப் பழையது மெசபடோமியாவில் அக்காடியர் காலத்து உருளை முத்திரை, சுமார் கி.மு. 2300–2200. எகிப்துக்கு அது போய்ச் சேர்ந்ததே அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பிரமிடு கட்டியவர்கள் குடத்தில் தூக்கித்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் காலத்து இபுய் என்பவரின் கல்லறை ஓவியத்தில் ஒரு தோட்டக்காரர் ஏற்றம் இறைக்கிறார், பக்கத்தில் அவர் நாய் நிற்கிறது. ஏற்றத்தைவிட அந்த நாய்தான் எனக்குப் பிடிக்கும்.

கே: பெரிய கால்வாய் வெட்ட ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், அவர்களை மேய்க்க அதிகாரம் வேண்டும், அப்படித்தான் அரசு என்பதே பிறந்தது என்று ஒரு கொள்கை உண்டே. ஏற்கிறீர்களா?

ப: அதைப் பெரிய அளவில் முன்வைத்தவர் கார்ல் விட்ஃபோகல் என்ற ஜெர்மன் அறிஞர், 1957-ல். நாஜி முகாமில் அடைபட்டு, பிறகு அமெரிக்கா போய், தான் ஒரு காலத்தில் நம்பிய கம்யூனிசத்துக்கே எதிரியாக மாறியவர். அவர் பண்டைய பாசன அரசுகளைப் பற்றி எழுதும்போது ஒரு கண் அன்றைய மாஸ்கோ மேலேயே இருந்தது. கொள்கை என்னவோ கேட்பதற்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது: தண்ணீர், கால்வாய், கூலியாட்கள், அதிகாரி, சர்வாதிகாரி, முடிந்தது.

மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. ராபர்ட் ஆடம்ஸ் என்ற தொல்லியலாளர் தெற்கு ஈராக்கில் பல வருஷம் நடந்து, வானிலிருந்து எடுத்த படங்களையும் வைத்துப் பழைய வாய்க்கால்களின் தடங்களைத் தேடினார். முதல் நகரங்கள் எழுந்த காலத்தில் இருந்தவை பெரும்பாலும் இயற்கையான ஆற்றுக் கிளைகளும் அவற்றிலிருந்து பிரிந்த சின்ன வாய்க்கால்களும்தான். நாடு தழுவிய ராட்சதக் கால்வாய்கள் எல்லாம் அதற்கு மிகமிகப் பின்னால். எகிப்திலும் அப்படியே, பாத்திகளை ஊர்களே பார்த்துக்கொண்டன. அப்புறம் நியூ கினியின் மலைப்பகுதியில் கூக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்பே மேடு கட்டிப் பயிர் வைத்தார்கள், பிறகு ஒழுங்காக வடிகால் வெட்டினார்கள். அங்கே அரசனும் வரவில்லை, நகரமும் வரவில்லை.

அப்படியானால் தண்ணீருக்கும் அதிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டுவது ஒரு தடவை வேலை. பங்கிடுவதும் தூர் வாருவதும் ஒவ்வொரு வருஷமும் வருகிற வேலை. ஒரு வாய்க்காலில் தலைமடைக்காரர், கடைமடைக்காரர் என்று இரண்டு பேர் இருந்தாலே சமூகத்தில் ஒரு மேடு பள்ளம் வந்துவிடுகிறது. தலைமடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலும் அவர் வயல் நனையும். கடைமடைக்காரர் எவ்வளவு உழைத்தாலும் மேலே இருப்பவர் மனசு வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் யாரோ ஒருவர், ஒரு கோயிலோ, ஊர்ப் பெரியவரோ, நடுவில் உட்காருகிறார். உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை.

ராபர்ட் கார்னெய்ரோ என்ற மானிடவியலாளர் 1970-ல் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார், எனக்கு அது கூடுதல் நியாயமாகப் படுகிறது. பெருவின் கடலோரத்தில் ஆறுகள் மலையிலிருந்து கடலுக்குக் குறுகலான பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன, இரண்டு ஆறுகளுக்கு நடுவே வெறும் பாலை. காட்டுக்குள் இருக்கிற ஒரு ஊர் சண்டையில் தோற்றால் ஓடிப்போய் வேறு இடத்தில் காட்டை வெட்டிக்கொள்ளலாம். பள்ளத்தாக்கு ஊர் தோற்றால் எங்கே போகும்? வாய்க்காலை முதுகில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஜெயித்தவனுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அதே சமயம் மேலே இருக்கிறவர் எப்போதும் அடாவடி செய்வார் என்றும் இல்லை. பாலித் தீவில் சுபக் என்ற பாசனச் சங்கங்கள் இருக்கின்றன. நாம் பேசுகிற காலத்தைவிட மிகவும் பிந்தியவைதான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அங்கே தலைமடை உழவர்கள் கடைமடைக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடுகிறார்கள். தர்ம சிந்தனையால் மட்டுமா? ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் கண்டது இது: ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நட்டால் எலியும் பூச்சியும் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டு, அறுத்து, தரிசு போட்டால் அவை பட்டினியால் சாகும். அதற்குக் கடைமடைக்காரருக்கும் வேண்டிய நேரத்தில் தண்ணீர் கிடைத்தாக வேண்டும். ஆக, மேலே இருப்பவருக்குப் பூச்சி பயம், கீழே இருப்பவருக்குத் தண்ணீர் பயம். இரண்டு பயமும் கோயிலில் கூடி முறை வைத்துக்கொண்டன.

கே: பக்கத்து வயல்காரர் கரையைக் கவனிக்காமல் விட்டு நம் பயிர் மூழ்கினால், அந்தக் காலத்தில் யாரிடம் போய் நிற்பது? (சொந்தப் பிரச்சினை இல்லை, பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.)

ப: அடைப்புக்குறிக்குள் இருப்பதை நம்புகிறேன்.

பாபிலோனில் ஹமுராபி ஆட்சியில், கி.மு. 18-ஆம் நூற்றாண்டில், சட்டமே இருந்தது. தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பேறித்தனமாக விட்டு, அது உடைந்து மற்றவர் வயலை வெள்ளம் கொண்டுபோனால், அழிந்த தானியத்தை அவர்தான் ஈடு செய்ய வேண்டும். முடியவில்லையா? அவரையும் அவர் சொத்தையும் விற்று, பயிர் இழந்தவர்கள் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவரையும் விற்று! மடையைத் திறந்துவிட்டு மறந்து போய் அடுத்த வயலை மூழ்கடித்தவருக்குத் தனி அபராதம்.

அதே சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. கடன் வாங்கிய உழவரின் வயலை வெள்ளம் அடித்துப் போனாலோ, தண்ணீர் இல்லாமல் பயிர் கருகினாலோ, அந்த வருஷம் அவர் கடனுக்குத் தானியம் அளக்க வேண்டாம், வட்டியும் கிடையாது, "பத்திரத்தை நனைத்துக்கொள்ளலாம்" என்கிறது. பத்திரம் களிமண் பலகை அல்லவா. நனைத்தால் இளகும், எழுத்தைத் திருத்தலாம்.

ராஜா சட்டம் போட்டதோடு நிற்கவும் இல்லை. அதிகாரிக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில், கால்வாய் வெட்டினீர்கள், ஆனால் உருக் வரை வெட்டவில்லை, அந்த நகரத்துக்குள் தண்ணீர் போகவில்லை, உங்களிடம் இருக்கிற ஆட்களுக்கு இது மூன்று நாள் வேலை, முடியுங்கள் என்று விரட்டுகிறார். புயல் தெய்வமான அதாதுக்கு "வானுக்கும் பூமிக்கும் கால்வாய்க் கண்காணிப்பாளர்" என்றே ஒரு பட்டம் உண்டு. தெய்வத்துக்கே பாசன இலாகாவில் உத்தியோகம் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

கே: உலகின் முதல் தண்ணீர்ச் சண்டை எது?

ப: முதலாவது எது என்று யாரும் சொல்ல முடியாது, எழுத்து வருவதற்கு முன் எத்தனை மண்டை உடைந்ததோ. எழுத்தில் நன்றாகப் பதிவானதில் மிகப் பழையது லகாஷ், உம்மா என்ற இரண்டு சுமேரிய நகரங்களின் சண்டை. கி.மு. 2500-ஐ ஒட்டித் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக இழுத்தது. நடுவில் இருந்த செழிப்பான வயல்வெளி யாருக்கு என்பது வழக்கு. கிஷ் நகரத்து அரசன் மத்தியஸ்தம் செய்து எல்லைக்கல் நட்டான். உம்மாக்காரர்கள் கல்லைப் பிடுங்கினார்கள், எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பினார்கள், குத்தகை தானியம் பாக்கி வைத்தார்கள், பாக்கி வட்டியோடு குட்டி போட்டது. எயன்னாத்தும் என்ற லகாஷ் அரசன் ஜெயித்ததைக் கொண்டாடி வைத்த கல் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கழுகுகள் எதிரிகளின் தலைகளைக் கவ்விக்கொண்டு பறக்கின்றன. ஒன்று கவனியுங்கள், நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் லகாஷ் தரப்பு வாக்குமூலம்.

ஆங்கிலத்தில் போட்டியாளரை 'ரைவல்' என்கிறோமே, அது லத்தீனில் ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வேறு விளக்கம் வேண்டுமா?

கே: தண்ணீர் நிறையப் பாய்ச்சினால் விளைச்சல் பெருகத்தானே வேண்டும்? மெசபடோமியா நிலம் ஏன் உப்பாகிப் போனது?

ப: பாய்ச்சியதால்தான். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் துளி உப்பு அதில் இருக்கும். வயலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். களிமண் நிலத்தில் வடிகால் இல்லாமல் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் நிலத்தடி நீர் மேலே மேலே ஏறும். தரைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் கிட்டே வந்துவிட்டதென்றால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மண்ணின் இண்டு இடுக்கு வழியாக அது தானாகவே ஏறி, மேலே வந்து ஆவியாகி, தான் சுமந்து வந்த உப்பையும் அங்கேயே விட்டுவிடும். ஒருநாள் பார்த்தால் வயல் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அந்த உழவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு வருஷம் பயிர், மறு வருஷம் தரிசு என்று வைத்திருந்தார்கள். தரிசு நிலத்தில் ஒட்டகமுள் மாதிரி ஆழமாக வேர் விடும் களைகள் முளைத்துக் கீழே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், நிலத்தடி நீர் இறங்கும், அடுத்த பாசனம் உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகும். சும்மா கிடக்கிற நிலம் மாதிரித் தெரியும், உண்மையில் களை அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மேலிடத்திலிருந்து இன்னும் தானியம், இன்னும் தானியம் என்று நெருக்கும்போது முதலில் பலியாவது இந்தத் தரிசுதான்.

சுமேரிய ஆய்வாளர் ஜேக்கப்சனும் முன்பு சொன்ன ஆடம்ஸும் 1958-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கோயில் கணக்குப் பலகைகளின்படி கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்கு 2,500 லிட்டர் விளைந்த தானியம் கி.மு. 1700 வாக்கில் 900-க்கு இறங்கிவிட்டது. உப்பைத் தாங்காத கோதுமை படிப்படியாக மறைந்தது, ஓரளவு தாங்கும் பார்லி மட்டும் மிஞ்சியது. தொடக்கப் புள்ளியாக அவர்கள் காட்டியதுதான் வேடிக்கை: உம்மாவோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் லகாஷ் டைகிரிஸிலிருந்து தனியாக ஒரு கால்வாய் இழுத்துக்கொண்டது, தண்ணீர் தாராளமாக வந்தது, அதனாலேயே நிலத்தடி நீர் ஏறியது என்றார்கள். பலகைகளைப் படித்த விதமே தவறு, சரிவு இவ்வளவு மோசமில்லை என்று 1980-களில் மார்வின் பவல் என்ற ஆய்வாளர் மறுத்தார். எண்களில் சந்தேகம் இருக்கட்டும், உப்புப் பூத்ததில் சந்தேகம் இல்லை.

எகிப்து தப்பித்தது எப்படி? வருஷா வருஷம் வெள்ளமே வயலைக் கழுவி ஆற்றோடு கொண்டுபோய்விட்டது. 1970-ல் அஸ்வான் உயர் அணை முடிந்து வெள்ளம் நின்ற பிறகு, அங்கேயும் உவர் பிரச்சினை பெரிதாகி, நிலத்துக்கடியில் வடிகால் குழாய் பதிக்க வேண்டியதாயிற்று.

கே: சிந்து சமவெளிக்காரர்கள் அவ்வளவு பெரிய நகரங்கள் கட்டினார்களே, பெரிய கால்வாய்கள் ஏன் கிடைக்கவில்லை?

ப: தேவைப்படாமல் இருந்திருக்கலாம். வெட்டியவை வண்டலுக்கு அடியில் புதைந்தும் இருக்கலாம். சிந்துவில் வெள்ளம் கோடையில் வந்து வடியும், வடிந்த ஈரத்தில் குளிர்காலப் பயிர் போடலாம், நைல் மாதிரி. தூரத்தில், ஆப்கானிஸ்தானின் வடக்கே ஷோர்துகாய் என்ற ஹரப்பர் (அதாவது சிந்து சமவெளிக்காரர்) குடியிருப்பில் வாய்க்கால் கிடைத்திருக்கிறது, ஆகவே தெரியாத வித்தை இல்லை. கட்ச் பகுதியில் இருக்கும் தோலாவிராவில் வற்றாத ஆறே கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளை மறித்து, ஊரைச் சுற்றி வரிசையாக நீர்த்தேக்கங்கள் அமைத்துவிட்டார்கள்.

வடமேற்கு இந்தியாவின் காகர் ஆற்றுப் படுகையில் இன்னொரு ஆச்சரியம். அங்கே ஏராளமான ஹரப்பர் ஊர்கள் இருக்கின்றன. பெரிய ஆறு ஓடியதால் ஊர்கள் வந்தன என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். 2017-ல் வெளியான மண் ஆய்வு, சட்லெஜ் என்ற பெரிய மலையாறு அந்தத் தடத்தை விட்டுப் போனது எட்டாயிரம் வருஷத்துக்கும் முன்பே என்று காட்டியது. அதாவது ஆறு போன பிறகுதான் ஊர் வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அடித்துக்கொண்டு போகிற மலையாறு இல்லை, ஆனால் அது விட்டுப்போன பள்ளமும் வண்டலும் இருக்கிறது, மழைக்காலத்தில் அளவான தண்ணீரும் வருகிறது.

அதே ஆற்றங்கரையில் காலிபங்கன் என்ற இடத்தில் கி.மு. 2800-ஐ ஒட்டிய உழுத வயல் ஒன்று அப்படியே கிடைத்தது. ஒரு திசையில் 30 செ.மீ. இடைவெளியில் நெருக்கமான சால்கள், குறுக்கே 190 செ.மீ. இடைவெளியில் அகலச் சால்கள். ஒரே வயலில் இரண்டு பயிர் கலந்து போட்டதற்கான உழவு. அரண்மனையைவிட அந்தச் சால்கள்தான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தன. நேர்கோட்டில் ஓட்டியிருக்கிறார்கள்.

கே: பாசனம் வந்த பிறகு சாதாரண ஜனங்களின் வாழ்க்கை சுகமாகிவிட்டதா?

ப: வயிறு பல பேருக்கு நிறைந்தது. சுகம் என்று சொல்ல மாட்டேன். சிரியாவில் டெல் சைதான் என்ற இடத்தில், ஆறாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு எலும்புக்கூட்டின் இடுப்பெலும்புப் பக்கத்து மண்ணில் நத்தைக் காய்ச்சல் புழுவின் முட்டை ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு முட்டை. இந்தப் புழு தேங்கிய நன்னீரில் வாழும் நத்தைக்குள் வளர்ந்து, தண்ணீரில் நிற்கிற மனிதனின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்தான் அதற்கு வாகான ஆள். எகிப்திய மம்மிகளிலும் இதே நோய்.

கே: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் கணக்குப் பாடம் இருந்ததா?

ப: இருந்தது தம்பி, உன்னுடையதைவிடச் சேறு படிந்த கணக்கு. கால்வாய் இவ்வளவு நீளம், மேல் அகலம் இவ்வளவு, அடி அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, எத்தனை ஆள், எத்தனை நாள், கூலிக்கு எவ்வளவு பார்லி? பழைய பாபிலோனியக் களிமண் பலகைகளில் இந்த மாதிரிக் கேள்விகள் நிறைய. ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெட்ட வேண்டிய மண் ஏறக்குறைய 3 கன மீட்டர் என்பது வழக்கமான அளவு. கணக்கில் அந்த ஆளுக்கு முதுகு வலிக்காது, அதுதான் கணக்கின் குறை.

கே: அரசாங்கம் பெரிய கால்வாய்த் திட்டம் என்று அறிவித்தாலே உள்ளே ஏதோ சூழ்ச்சி இருக்கும் என்பது என் அனுபவம். பழங்காலத்திலும் உண்டா?

ப: சீனத்தில் அசல் உளவாளியே உண்டு. கி.மு. 246-ல் ஹான் என்ற சின்ன நாடு, பக்கத்திலிருந்த சின் நாட்டைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. படை அனுப்பி ஜெயிக்க முடியாது. சரி, ஆள், பணம் எல்லாம் செலவாகிற மாதிரி ஒரு பெரிய வேலையில் மாட்டிவிடுவோம் என்று செங் குவோ என்ற நீர்ப் பொறியாளரை அனுப்பி, மலைச்சரிவு நெடுக ஒரு நீண்ட கால்வாய் வெட்டும்படி சின் அரசனுக்கு யோசனை சொல்லவைத்தார்கள். வேலை பாதியில் இருக்கும்போது குட்டு வெளிப்பட்டது. தலையை எடுக்கப் போனபோது அவர் சொன்னாராம்: ஒற்றனாகத்தான் வந்தேன், ஆனால் கால்வாய் முடிந்தால் லாபம் உங்களுக்குத்தான். அரசன் யோசித்து, முடிக்கச் சொல்லிவிட்டான். வண்டல் கலந்த தண்ணீர் உவர் நிலத்தில் பாய்ந்து அது விளைநிலமானது. சின் நாட்டுப் படைக்குச் சோற்றுக்குக் கவலையில்லை. அது ஒவ்வொரு நாடாக விழுங்கியதில் முதலில் விழுந்தது எது தெரியுமா? ஹான் நாடுதான், கி.மு. 230-ல்.

கே: அந்தக் காலத்துப் பாசன வேலை ஏதாவது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறதா? பார்க்கப் போகிற இடமாக இல்லாமல், நிஜமாகவே வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும்.

ப: அதே சின் நாட்டின் இன்னொரு வேலை. சிச்சுவானில் மின் ஆற்றின் மேல் துஜியாங்யன், கி.மு. 256-ல் லி பிங் என்ற ஆளுநர் தொடங்கியது. குறுக்கே அணை போட்டு ஆற்றை மறிக்காமல், நடுவில் மீன் வாய் மாதிரிக் கூராக ஒரு கரை கட்டி ஆற்றை இரண்டாகப் பிரித்தார். மூங்கில் கூடைக்குள் கல் நிரப்பி அடுக்கிய கரை. தண்ணீர் குறைந்த காலத்தில் பெரும்பங்கு வயல் பக்கம் போகும், வெள்ளத்தில் பெரும்பங்கு வெளிப்பக்கம் போய்விடும். குறுக்கே நின்ற மலையை, வெடிமருந்து இல்லாத காலத்தில், நெருப்பு மூட்டிச் சூடாக்கி தண்ணீர் ஊற்றி விரிசல் விடவைத்துப் பிளந்தார்கள். இன்று புதிய மதகுகளும் சிமென்ட்டும் சேர்ந்துவிட்டன, ஆனாலும் அதே பிரிவில் பிரிந்த தண்ணீர் 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் போகிறது.

இத்தனை நாள் நின்றதற்கு வடிவமைப்பு பாதி காரணம், மீதி தூர் வாரியது. குளிர்காலத்தில் முக்காலி மாதிரி மரக்கால்களை ஆற்றில் நட்டு, மூங்கில் பாயும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஒரு பக்கத்தை வற்றவைத்துவிட்டு இறங்கித் தோண்டுவார்கள். எவ்வளவு ஆழம் என்று ஆண்டுக்கு ஆண்டு சண்டை வரக்கூடாது அல்லவா? அதற்காக ஆற்றின் அடியில் அடையாளம் புதைத்து வைத்தார்கள், பிற்காலத்தில் அது கனமான இரும்புத் தண்டாக ஆனது. மண்வெட்டி இரும்பில் பட்டு 'டங்' என்றால் அந்த வருஷத்து வேலை முடிந்தது, மேலே ஏறி வரலாம்.